டயல் கண்ணாடி, முன் தகடு, பெயர்த் தகடு: அழிந்துபோன எழுத்தை மீட்பது பற்றி

உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பரணிலிருந்து இறக்கிய வால்வு ரேடியோவின் டயல் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்தபோது ஊர்ப் பெயர்களில் பாதி துணியோடு வந்துவிட்டது, அதை மீட்க முடியுமா என்பது ஒன்று. தாத்தா மைக்செட் தொழிலுக்கு வைத்திருந்த ஆம்ப்ளிஃபயரின் முன் தகட்டில் வால்யூம், பாஸ், டிரபிள் என்ற எழுத்துகள் விரல் பட்டுப் பட்டே தேய்ந்துவிட்டன, பித்தளைப் பெயர்த் தகடும் மழுங்கிவிட்டது, ஸ்டிக்கர் கடைக்காரர் எல்லாவற்றையும் வினைலில் அடித்து ஒட்டித் தருகிறேன் என்கிறார், ஒட்டலாமா என்பது இரண்டாவது. சென்னைக்கு அலையாமல் மதுரையிலேயே இதை முடிக்க வழி உண்டா என்பது மூன்றாவது. முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டிக்கர் வேண்டாம். மதுரையிலேயே முடியும். கண்ணாடியை மட்டும் இனி தொடாதீர்கள்.

பழைய ரேடியோவின் எழுத்து பரணில் கிடந்த நாற்பது வருடத்தில் அழிவதைவிட, கீழே இறக்கிய முதல் அரை மணி நேரத்தில் அழிவதுதான் அதிகம். டயல் கண்ணாடியில் எழுத்து இருப்பது முன்பக்கம் அல்ல, பின்பக்கம். முன்னால் கண்ணாடி காவல் இருப்பதால் மை தேயாது என்று நினைத்துத்தான் கம்பெனிக்காரர்கள் அப்படி அச்சடித்தார்கள். ஆனால் உள்ளே எரியும் டயல் பல்பின் சூடும், ஒவ்வொரு மழைக்காலத்து ஈரமும் சேர்ந்து மைக்கும் கண்ணாடிக்கும் உள்ள பிடிப்பைத் தளர்த்திவிடும். பார்க்க முழுசாக இருக்கும், தண்ணீர் பட்டதும் தோல் போல உரிந்துவிடும். சோப்பு நீர், ஸ்பிரிட், ஜன்னல் துடைக்கும் நீலத் திரவம் எல்லாமே இதில் ஒன்றுதான். பின்பக்கத்துக்கு மிருதுவான ஓவியப் பிரஷும், கேமரா லென்ஸுக்கு வைத்திருக்கும் ரப்பர் ஊதுபந்தும் மட்டும் போதும். முன்பக்கத்தை நன்றாகப் பிழிந்த துணியால், ஓரத்தில் நீர் கசியாதபடி, கண்ணாடியைப் படுக்கவைத்துத் துடைக்கலாம். முன் தகட்டுக்கும் இதே எச்சரிக்கைதான். பாத்திரம் துலக்கும் தூள், சோடா உப்பு, புளி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். அனோடைஸ் செய்த, அதாவது மின்சாரத்தால் மேலே கடின ஆக்சைடு படலம் ஏற்றிய அலுமினியத்தைக் காரமும் அரிக்கும், அமிலமும் அரிக்கும். ஒருமுறை வெளுத்த தகட்டை வீட்டில் திரும்ப அனோடைஸ் செய்ய முடியாது.

அடுத்த வேலை பதிவு. மலைக் குகைகளில் கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பவர்கள் எழுத்தை வாசிப்பதற்கு முன்னால் படி எடுத்துக்கொள்வார்கள். அதே வரிசைதான் இங்கேயும். ஒரு எஃகு அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, இரண்டு மீட்டர் தள்ளி நின்று, ஜூம் செய்து படம் எடுங்கள். போனைக் கிட்டே கொண்டுபோய் எடுத்தால் ஓரங்கள் வளைந்துவிடும், பிறகு எந்த அளவும் பொருந்தாது. மழுங்கிய தகட்டுக்கு அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தகட்டோடு ஒட்டினாற்போல் சாய்த்து, நான்கு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு படம். மை போன இடத்திலும் எழுத்தின் நிழல் மிச்சம் இருக்கும், ஏனென்றால் மைக்கு அடியில் இருந்த உலோகம் மற்ற இடத்தைப் போலக் கறுத்திருக்காது. புற ஊதா டார்ச் இருந்தால் அதையும் அடித்துப் பாருங்கள், சில மைகள் அதில் தனியாகத் தெரியும். வெட்டெழுத்தாக இருந்தால் டிரேசிங் பேப்பரை மேலே வைத்து 2பி பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தாலே போதும், நாணயத்துக்குப் பிள்ளைகள் செய்வது போல. தகடு கழன்று வருமானால் ஸ்கேனரில் 1200 டிபிஐயில் எடுங்கள். உதிரும் நிலையில் உள்ள டயல் கண்ணாடியை மட்டும் ஸ்கேனரில் கவிழ்க்காதீர்கள், தூக்கும்போது பாதி ஸ்கேனரிலேயே தங்கிவிடும்.

பிறகு எந்த எழுத்து எந்த முறையில் ஏறியது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதைச் செய்யாமல் எல்லாவற்றையும் ஒரே முறையில் மீட்கப் போவதால்தான் முடிந்த வேலை 'புதுசாக' இருக்கிறதே தவிர அந்தக் காலத்துப் பொருளாக இருப்பதில்லை. நகத்தால் மெல்ல வருடினால் பள்ளம் தெரிந்தால் அது வெட்டியதோ அரித்ததோ. மேடு தெரிந்தால் ஸ்கிரீன் பிரிண்டிங். எழுத்தைச் சுற்றிச் சாய்ந்த வெளிச்சத்தில் மெல்லிய படலத்தின் விளிம்பு தெரிந்தால் அது நீரில் நழுவவிட்டு ஒட்டும் டீகால். அலுமினியத் தகடு வெறும் தகடா, அனோடைஸா, லேக்கர் பூசியதா என்பதற்கு மல்டிமீட்டரின் பீப் சோதனை போதும். தகட்டின் பின் ஓரத்தில் இரண்டு முனையையும் அழுத்தாமல் வையுங்கள். பீப் சத்தம் வந்தால் வெறும் அலுமினியம். வராவிட்டால், அதே ஓரத்தில் பஞ்சுக்குச்சியால் ஒரு துளி தின்னர் வையுங்கள். பிசுபிசுத்தால் லேக்கர், அசையாமல் இருந்தால் அனோடைஸ். கேள்வியோடு நீங்கள் போட்டிருக்கும் படத்தை வைத்து உங்கள் ஆம்ப்ளிஃபயரில் இருப்பது ஸ்கிரீன் பிரிண்டிங் என்று தைரியமாகச் சொல்லலாம். தகடு அனோடைஸா லேக்கரா என்பதைப் படம் சொல்லாது, நீங்கள்தான் சோதிக்க வேண்டும்.

இப்போது டயல் கண்ணாடி. மிச்சமிருக்கும் எழுத்தைக் காப்பாற்றுவது ஒரு வேலை, போனதை வரைவது வேறு வேலை. காப்பாற்ற, நீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷை மிருதுவான பிரஷால் தொட்டுத் தொட்டு வைக்கலாம், இழுக்கக் கூடாது. ஸ்பிரே டப்பாவில் வரும் கிளியர் லேக்கரில் உள்ள கரைப்பான் சில மைகளைச் சுருட்டிவிடும். எனவே எழுத்து இல்லாத ஒரு மூலைக் கறுப்பில் சோதித்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். அடித்தாலும் ஒரேயடியாக நனைக்காமல், 30 சென்டிமீட்டர் தள்ளி, பனி விழுவது போல இரண்டு மூன்று தடவை.

எழுத்தில் பாதிக்கு மேல் போயிருந்தால் என் தீர்மானமான கருத்து இது: பழைய கண்ணாடியைச் சுரண்டிச் சுத்தமாக்கி அதிலேயே புதிதாக அச்சடிக்காதீர்கள். சாமி படத்துக்குக் கண்ணாடி போடும் கடையில் அதே கனத்தில், பெரும்பாலும் 2 அல்லது 3 மில்லிமீட்டர், புதுக் கண்ணாடி வெட்டி ஓரம் தேய்த்து வாங்கிக்கொள்ளுங்கள். பழையது அப்படியே பத்திரமாக இருக்கட்டும். நாளை இதைவிட நல்ல முறை வந்தால் அளவெடுக்க அதுதான் மூலம். உடையாது என்பதற்காக அக்ரிலிக் ஷீட்டில் செய்யச் சொல்வார்கள். செய்யலாம், ஆனால் அக்ரிலிக் கண்ணாடியைவிட ஏழெட்டு மடங்கு அதிகம் விரியும். 300 மில்லிமீட்டர் நீளத்தில் 20 டிகிரி சூடு ஏறினால் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் நீளும். கிளிப்பில் இறுக்கிப் பொருத்தினால் சித்திரை வெயிலில் வில்லாக வளைந்து முள்ளை உரசும். இரண்டு பக்கமும் இடம் விட்டு மாட்டுங்கள், டயல் பல்பு நேரே படாமல் பாருங்கள்.

அச்சடிப்பதில் இன்று எளிதான வழி யுவி பிரிண்டிங், அதாவது மையைப் புற ஊதா ஒளியில் இறுகவைக்கும் முறை. போன் கவரிலும் டைல்ஸிலும் படம் அடித்துத் தரும் பெரிய படுக்கை மிஷின்தான். போர்டு, விளம்பர வேலை செய்யும் கடைகளில் விசாரித்தால் கிடைக்கும். அங்கே போய் 'டயல் அடிக்கணும்' என்று மட்டும் சொன்னால் அவர்கள் கண்ணாடியின் முன்பக்கம் நேராக அடித்துவிடுவார்கள். மிரர் போட்டு (இடவலம் மாற்றி), பின்பக்கம், முதலில் கலர், அதன் மேல் ஒரே ஒரு வெள்ளைப் படலம், கடைசியில் எழுத்து இருக்கும் இடத்தை விட்டுவிட்டுக் கறுப்பு என்று வரிசையை எழுதிக் கொடுங்கள். வெள்ளையைக் கனமாக அடித்தால் பின்னால் பல்பு எரிந்தாலும் எழுத்து ஒளிராது. அடியோடு விட்டால் பல்பின் இழை அப்படியே தெரியும். ஒரு துண்டுக் கண்ணாடியில் அடித்து, இருட்டில் பல்புக்கு முன்னால் பிடித்துப் பார்த்த பிறகு அசலில் அடிக்கச் சொல்லுங்கள். கண்ணாடிக்கான பிரைமர் துடைக்காமல் அடித்தால் நகம் பட்டாலே உரியும். தங்க நிறக் கோடுகள் யுவியில் வராது. அது மஞ்சளும் பழுப்பும் புள்ளி புள்ளியாகச் சேர்ந்து செய்யும் போலித் தங்கம், கிட்டத்தில் பார்த்தால் கடுகு நிறம். தங்கம் முக்கியமென்றால் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் தங்கப் பொடி கலந்த மைதான். யுவி மை எத்தனை காலம் நிற்கும் என்பதற்கு உறுதி சொல்ல மாட்டேன். பழைய ஸ்கிரீன் மை ஐம்பது அறுபது வருடம் நின்றதற்குச் சாட்சி உங்கள் ரேடியோவே. யுவி மைக்கு அவ்வளவு வயதே இன்னும் ஆகவில்லை.

எந்த முறையில் அடித்தாலும் அளவு பிசகக் கூடாது. டயல் அலங்காரம் அல்ல, அது அளவுகோல். மீடியம் வேவ் 530 முதல் 1600 கிலோஹெர்ட்ஸ் வரை 250 மில்லிமீட்டரில் பரவியிருந்தால், ஒரு மில்லிமீட்டர் சராசரியாக நான்கு கிலோஹெர்ட்ஸுக்கு மேல். பிரிண்டர் அரை சதவீதம் சுருக்கினாலே கடைசி நிலையம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். அதனால் வரைபடத்தின் ஓரத்தில் சரியாக 100 மில்லிமீட்டர் கோடு ஒன்று போட்டு, சாதாரணத் தாளில் அச்செடுத்து, வெர்னியர் அளவியால் அளந்து பார்த்த பிறகே கண்ணாடிக்குப் போக வேண்டும். அந்தத் தாளையே டயலில் தற்காலிகமாகச் செருகி, கேட்ட அலைவரிசையைத் தரும் சிக்னல் ஜெனரேட்டரில் 600, 1000, 1400 கிலோஹெர்ட்ஸ் வைத்து முள் சரியாக நிற்கிறதா என்று பாருங்கள். ஜெனரேட்டர் இல்லாவிட்டால் வானொலி நிலையங்கள் உதவும்: திருச்சி 936, மதுரை 1269, சென்னை 720 கிலோஹெர்ட்ஸ். அவை இப்போதும் ஒலிபரப்பாகின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டயலில் அலைநீளத்தை மீட்டரில் குறித்திருந்தால் 3 லட்சத்தைக் கிலோஹெர்ட்ஸால் வகுத்தால் வருவது மீட்டர்: திருச்சி 320.5, மதுரை 236.4, சென்னை 416.7. எண்களுக்கு இடையே தூரம் சமமாக இருக்காது, ஒரு பக்கம் நெருங்கும். அது நிலையம் மாற்றும் கேங் கண்டென்சர் தகட்டின் வடிவத்தால் வருவது. கம்ப்யூட்டரில் 'சமமாகப் பிரி' என்று கட்டளை கொடுத்து அழகாக்கிவிடாதீர்கள்.

ஊர்ப் பெயர்களையும் திருத்தாதீர்கள். சிலோன் என்றிருந்தால் சிலோன்தான், அந்த நாடு பெயரை மாற்றிக்கொண்டது 1972-இல். கிலோசைக்கிள் என்றிருந்தால் அதை கிலோஹெர்ட்ஸ் ஆக்கக் கூடாது. ஹெர்ட்ஸ் என்ற அலகை உலக எடை அளவு மாநாடு ஏற்றதே 1960-இல், புழக்கத்துக்கு வர அதற்குப் பிறகும் வருடங்கள் ஆயின. போன எழுத்துகளை நிரப்ப அதே மாடலின் படத்தைத் தேடும்போது ஒன்றுக்கு இரண்டு படம் பாருங்கள். ஒரே மாடலுக்கே பிந்தைய தயாரிப்பில் நிலையப் பட்டியல் மாறியிருக்கலாம். உங்கள் கண்ணாடியில் மிச்சமிருக்கும் பெயர்கள் எந்தப் படத்தோடு வரி பிசகாமல் பொருந்துகிறதோ அதுதான் உங்களுக்கான மூலம்.

எழுத்துரு விஷயத்தில் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பழைய டயல்களில் நிறைய எழுத்து கையால் வரைந்து பிலிம் எடுத்தது. அதற்கு ஃபான்ட் தேடினால் கிடைக்காது. இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் ஸ்கேனை அடியில் வைத்து, ஒவ்வொரு எழுத்தையும் வளைகோட்டுக் கருவியால் நீங்களே இழுக்க வேண்டும். தானாக டிரேஸ் செய்யவிட்டால் மை உதிர்ந்த பள்ளத்தையும் சேர்த்து எழுத்து என்று எடுத்துக்கொள்ளும். முழுசாக இருக்கும் ஓர் 'ஏ'யை வரைந்து மற்ற இடங்களில் அதையே பயன்படுத்தலாம். எழுபதுகளின் ஆம்ப்ளிஃபயர்களில் அச்செழுத்து புகுந்துவிட்டது. சதுரத்தை ஓரம் மழுக்கியது போன்ற எழுத்து என்றால் மைக்ரோகிராமா அல்லது யூரோஸ்டைல், சாதாரணத் தட்டையான எழுத்து என்றால் ஹெல்வெட்டிகா வகை. ஆண்டும் கூடவே பார்க்க வேண்டும்: ஹெல்வெட்டிகா 1957-இல் வந்தது, யூரோஸ்டைல் 1962-இல். 1955 ரேடியோவில் ஹெல்வெட்டிகா இருந்தால் விவரம் தெரிந்தவர் கண்ணில் உடனே குத்தும். நிறத்துக்கு, நாபை (திருகும் குமிழை) கழற்றி அதன் அடியிலோ சட்டத்துக்கு உள்ளே மறைந்த ஓரத்திலோ பாருங்கள், வெயில் படாத அசல் நிறம் அங்கேதான் இருக்கும். பெரும்பாலும் அது சுத்த வெள்ளையாக இருக்காது, தந்த நிறமாக இருக்கும்.

ஆம்ப்ளிஃபயரின் முன் தகட்டுக்கு வருகிறேன். வினைல் ஸ்டிக்கரை நான் ஏன் மறுக்கிறேன் என்றால், அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை இருக்கும், வெட்டிய விளிம்பு கண்ணுக்குத் தெரியும். டிரான்ஸ்ஃபார்மர் சூட்டில் வினைல் சுருங்கும், ஒட்டுப்பசை விளிம்பில் பிதுங்கி அழுக்கைப் பிடிக்கும், இரண்டு வருடத்தில் கறுப்புக் கரை கட்டும். கழற்றும்போது மிச்சமிருந்த அசல் எழுத்தையும் கொண்டுபோகும். டீகால் ஒட்டலாம் என்பார்கள். அது நடக்க வேண்டுமானால் அடித்தளம் வழுவழுப்பாக இருக்க வேண்டும். மேட் பெயிண்ட்டிலோ, பழைய மைக்செட் பெட்டிகளில் இருக்கும் சுருக்கு பெயிண்ட்டிலோ ஒட்டினால் படலத்துக்கு அடியில் காற்று அடைபட்டு வெள்ளி பூத்தது போல வெளுக்கும். வழுவழுப்பான தகடு என்றால், டீகால் தாளில் லேசர் பிரிண்ட் எடுத்து, வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் ஊறவிட்டு, நழுவவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரைத் தள்ளி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, மேலே நான்கு மெல்லிய கிளியர் கோட் அடித்து, 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் நீர் விட்டுத் தேய்த்தால் விளிம்பு மறையும். சாதாரண லேசர் பிரிண்டரில் வெள்ளை வராது என்பதை மறந்துவிட வேண்டாம். கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்துக்கு இந்த வழி உதவாது.

இந்தத் தகட்டுக்குச் சரியான வழி, அது முதலில் எப்படி ஆனதோ அப்படியே: ஸ்கிரீன் பிரிண்டிங். தாம்பூலப் பைக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் ஸ்கிரீன் போடுகிறவர்கள் மதுரையில் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். கைவேலையில் அவர்களுக்கு நீங்கள் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது மூன்று. முதலாவது துணியின் கண். பைக்குப் போடும் பெரிய கண் வலையில் மெல்லிய கோடு வராது. அங்குலத்துக்கு 300 இழை அளவில் உள்ள நுண்வலை கேளுங்கள். இரண்டாவது மை. பை மையும் அட்டை மையும் உலோகத்தில் ஒரு மாதம் நிற்காது. இரண்டு டப்பாவைக் கலந்து பூசும் எப்பாக்ஸி மை வேண்டும், டப்பாவில் போட்ட விகிதத்தை எடை போட்டுக் கலக்க வேண்டும், கண்மதிப்பு கூடாது. கெட்டிப்பான் (ஹார்ட்னர்) குறைந்தால் நகத்தில் உரியும், கூடினால் நொறுங்கும். மூன்றாவது இடைவெளி. வலைக்கும் தகட்டுக்கும் 2, 3 மில்லிமீட்டர் இருந்தால்தான் இழுத்த கையோடு வலை எழும்பி எழுத்து கூர்மையாக விழும். தகட்டை அதற்கு முன் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, பிறகு விரல் படாமல் ஓரத்தைப் பிடித்தே தூக்க வேண்டும். தவறாக விழுந்தால் மை இறுகுவதற்குள் தின்னரில் துடைத்துவிட்டு மறுபடி போடலாம். இந்தத் தைரியம் வேறு எந்த முறையிலும் இல்லை. கோடு 0.2 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் மட்டும் வரைபடத்திலேயே கொஞ்சம் தடிக்கச் செய்யுங்கள்.

பழைய எழுத்தில் பாதி நன்றாக இருக்கிறதே, போனதை மட்டும் போடலாமா என்று கேட்பீர்கள். போடலாம், பொருத்தம் பார்ப்பதுதான் பாடு. வரைபடத்தை ஓஎச்பி பிலிமில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில்) எடுத்துத் தகட்டின் மேல் வைத்து, திருகுத் துளைகளை அடையாளமாகக் கொண்டு நேர்ப்படுத்தி, பிலிமின் மேலேயே முதல் முறை அச்சடித்துப் பார்த்து, சரியென்றால் பிலிமை உருவிவிட்டுத் தகட்டில் அடிக்க வேண்டும். புது எழுத்து பழையதைவிடப் பளிச்சென்று தெரியும். மையில் ஒரு துளி பழுப்பு கலந்தால் அடங்கும்.

பித்தளைப் பெயர்த் தகடு எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் முழுக்கக் கையாலேயே நன்றாக வரும். முதலில் அதைக் கழற்றுவது. ரிவெட்டைத் திருப்புளியால் நெம்பினால் தகட்டில் விழும் மடிப்பு ஜென்மத்துக்கும் போகாது. பின்னாலிருந்து ரிவெட் அளவுக்குச் சிறிய டிரில் கொண்டு குடைந்து எடுங்கள். தகடு வெறுமனே மழுங்கி, பள்ளம் மிச்சமிருந்தால் புதுத் தகடு தேவையே இல்லை. பள்ளத்தில் உள்ள பழைய பச்சைக் களிம்பை மரக் குச்சியால் எடுத்து, ஆல்கஹாலில் கழுவி, கறுப்பு எனாமலைப் பள்ளம் நிறைய விட்டு, மேலே வழிந்ததை ஓர் அட்டை விளிம்பால் வழித்து, இரண்டு நாள் காயவிட்டு, தட்டையான மரக்கட்டையில் சுற்றிய 1000, பிறகு 2000 வாட்டர் பேப்பரால் நீர் விட்டுத் தேய்த்தால் எழுத்து எழுந்து நிற்கும். விரலால் தேய்த்தால் விரல் பள்ளத்துக்குள் இறங்கிப் பெயிண்டையும் எடுத்துவிடும், கட்டை வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும், எனவே உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடவே கூடாது.

புதிதாகத்தான் செய்ய வேண்டுமென்றால் 1 மில்லிமீட்டர் பித்தளைத் தகடு, பெரிக் குளோரைடு. சர்க்யூட் போர்டு அரிக்க எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கும் அதே திரவம். கரைசலாகவே வாங்குங்கள், கட்டியை நீரில் போட்டால் கடுமையாகச் சூடேறும். எழுத்து பள்ளமாக வர வேண்டுமானால் எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும், மிரர் போட்டு, பளபளத் தாளில் லேசர் பிரிண்ட் எடுத்து, இஸ்திரிப் பெட்டியால் தகட்டில் அழுத்தி டோனரை ஏற்ற வேண்டும். பெரிய கறுப்புப் பரப்பில் ஊசித் துளைகள் நிச்சயம் இருக்கும், நெயில் பாலிஷால் அடையுங்கள், பின்பக்கத்தையும் ஓரத்தையும் டேப்பால் மூடுங்கள். பிளாஸ்டிக் தட்டில், எழுத்து கீழே பார்க்கும்படி, அடியில் இடைவெளி விட்டு மிதக்கவிட்டால் அரித்த கசடு கீழே விழும், பள்ளம் சமமாக வரும். 40 டிகிரிச் சூட்டில், புதுக் கரைசலில், முக்கால் மணி நேரத்தில் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் இறங்கும், எனாமல் பிடிக்க அது போதும். அதற்கு மேல் விட்டால் அமிலம் பக்கவாட்டிலும் தின்னும், மெல்லிய கோடுகள் தடித்து ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் மூன்றும் கட்டாயம். மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், அதில் செம்பு கரைந்திருக்கிறது. சலவை சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நுரை அடங்கியதும் படியும் சேற்றைத் தனியே கட்டி எடுங்கள்.

அலுமினியத் தகட்டை இந்தக் கரைசலில் போடவே கூடாது, கொதித்துப் புகையும். அலுமினியத்துக்கு மயில்துத்தமும் (காப்பர் சல்ஃபேட்) கல் உப்பும். உரக்கடையில் கிடைக்கும் துத்தம் 100 கிராம், உப்பு 100 கிராம், ஒரு லிட்டர் நீர். தகட்டில் செம்பு சிவப்புப் பஞ்சு போலப் படியும், பிரஷால் அவ்வப்போது தள்ளிவிட வேண்டும். ஹைட்ரஜன் குமிழி வரும், பக்கத்தில் நெருப்பு கூடாது. இத்தனை பாடு வேண்டாமென்றால் வெளியே வெட்டக் கொடுக்கலாம், ஆனால் எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டும் கையெழுத்துப் பாணி இதற்கு ஒத்துவராது. நகைப் பட்டறைகளுக்கு வேலை செய்யும், உலோகத்தில் எழுத்து வெட்டும் ஃபைபர் லேசர்காரரைக் கேளுங்கள். தெற்காவணி மூல வீதிப் பக்கம் விசாரிக்கலாம். அக்ரிலிக் வெட்டும் லேசர் வேறு, அது பித்தளையைத் தொடாது. ஆனால் கறுப்பு அனோடைஸ் தகட்டில் சாயத்தை வெளுத்து வெள்ளை எழுத்தை அழகாகப் போடும்.

நாபில் உள்ள கோட்டுக்கு எனாமலைப் பல்குச்சியால் விட்டு வழித்தால் போதும். மெழுகுக் கிரேயான் தேய்க்கச் சொல்லும் வீடியோக்கள் குளிர்நாட்டுக்காரர்களுடையவை, திருவிழாப் பந்தலில் வெயிலில் நிற்கும் ஆம்ப்ளிஃபயரில் அது வழிந்துவிடும். குரோம் பூசிய பிளாஸ்டிக் எம்ப்ளம் உடைந்திருந்தால் சிலிக்கான் அச்சு எடுத்து எப்பாக்ஸி ஊற்றலாம், ஆனால் அந்தக் குரோம் பளபளப்பு எந்த ஸ்பிரேயிலும் வராது.

ரேடியோவின் உள்ளே ஒட்டியிருக்கும் வால்வு வரிசைப் படத்தாளைக் கவனியுங்கள், பூச்சி அரித்திருந்தாலும் பிய்க்காதீர்கள். நகல் எடுத்து, சாயம் போகாத லேசர் பிரிண்டில், பளபளப்பில்லாத 100 ஜிஎஸ்எம் தாளில் அடித்து, பழையதன் பக்கத்தில் ஒட்டுங்கள். டீ டிகாக்‌ஷனில் நனைத்துப் பழசாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பைண்டிங் கடைக்காரர்கள் மைதாப் பசையில் பூச்சிக்காக மயில்துத்தம் போடுவார்கள். மரப்பெட்டிக்கு அது சரி, உலோகச் சேசிஸில் (பாகங்கள் மாட்டியிருக்கும் உள் சட்டத்தில்) அந்தப் பசை பட்டால் துத்தம் தகட்டை அரிக்கும். அங்கே நீர்த்த பெவிகால் போதும். செலோடேப் எங்குமே வேண்டாம்.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி/டிசி ரேடியோக்களில், வால்வின் பெயர் யு என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் பெரும்பாலும் அந்த வகைதான், சேசிஸே நேரடியாகக் கரண்ட் லைனில் இருக்கும். நாபின் சிறு திருகுக் குழியில் மெழுகு அடைத்திருப்பது அழகுக்கு அல்ல, விரல் பட்டு ஷாக் அடிக்காமல் இருக்க. சுத்தம் செய்கிறேன் என்று அதைத் தோண்டினால் மறுபடி அடைத்தாக வேண்டும். புதுப் பெயர்த் தகட்டை நீளத் திருகு போட்டு முடுக்கி, திருகின் முனை சேசிஸைத் தொட்டால், அந்தத் தகடே 230 வோல்ட். அதேபோல் பின்னால் உள்ள வோல்டேஜ், ஃபியூஸ் லேபிளை நகலெடுக்கும்போது தெளியாத எண்ணை ஊகித்து எழுதாதீர்கள். உள்ளே மாட்டியிருக்கும் ஃபியூஸைப் பார்த்தும் எழுதாதீர்கள், யாரோ கிடைத்ததைப் போட்டிருப்பார்கள். சர்க்யூட் படத்தில் உள்ளதுதான் கணக்கு.

கடைசிக் கிளியர் கோட்டை ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிக்க வேண்டாம். ஈரக்காற்றில் லேக்கர் பால் போல வெளுத்துவிடும். தை முதல் பங்குனி வரை நல்ல காலம், காலை பத்து மணிக்கு மேல், தூசி கிளம்பாத இடம். எழுத்து உள்ள இடத்தில் மட்டும் அடித்தால் திட்டாகத் தெரியும், தகடு முழுக்க அடியுங்கள், அசல் மேட் என்றால் மேட். கார் பெயிண்டரிடம் கொடுத்தால் அவர் இரண்டு பாகக் கிளியர் அடிப்பார், அதன் கெட்டிப்பானில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கெடுதல். அதை வீட்டுக்குள் நீங்களே முயல வேண்டாம்.

சீரியல் நம்பர் தகடு மழுங்கி எண் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாகவே விடுங்கள். வேறொரு ரேடியோவின் எண்ணைப் போட்டால் நாளை வாங்குகிறவரை ஏமாற்றுவதாகிவிடும். நீங்கள் செய்யும் ஒவ்வொரு புதுத் தகட்டின் பின்பக்கத்திலும், புதுக் கண்ணாடியின் கறுப்பு ஓரத்திலும், சிறிய எழுத்தில் 'நகல்' என்றும் ஆண்டும் ஊசியால் கீறிவிடுங்கள். பழைய கண்ணாடியை எழுத்துப் பக்கம் எதுவும் உரசாதபடி இரண்டு அட்டைக்கு நடுவில் நிறுத்திக் கட்டி, பழைய தகட்டையும் ரிவெட்டையும் ஒரு கவரில் போட்டு, வால்வுகளின் சூடு படாத பக்கமாகப் பெட்டியின் அடியிலேயே வைத்துவிடலாம்.